நெல்லையா, சென்னையா: மருத்துவமனை வடிவமைப்பில் இறங்கும் இளம் கட்டடக் கலைஞருக்கு முதல் வேலை எங்கே?

ஐந்தாண்டு பி.ஆர்க். படிப்பை முடித்து, 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கட்டடக்கலை மன்றத்தில் பதிவும் செய்துகொண்ட ஒருவர், மருத்துவமனை வடிவமைப்பையே தம் துறையாகக் கொள்ள விரும்பினால், திருநெல்வேலிச் சீமையில் அவருக்கு முன் நான்கு வழிகள் இருக்கின்றன. சென்னையிலோ பெங்களூரிலோ மருத்துவமனைகளை முதன்மையாக எடுத்துச் செய்யும் பெரிய நிறுவனத்தில் சேரலாம். பாளையங்கோட்டை, வண்ணார்பேட்டை, தென்காசி போன்ற இடங்களில் நாலைந்து பேருடன் இயங்கும் உள்ளூர் அலுவலகத்தில் சேரலாம். ஒரு மருத்துவமனையின் சொந்தக் கட்டுமானப் பிரிவில் வேலை தேடலாம். அல்லது நேரே மேற்படிப்புக்குப் போகலாம். அரசுப் பணியை ஐந்தாவதாகச் சேர்ப்பவர்களும் உண்டு. கேட்டவுடன் முதல் வழியைக் கைகாட்டுவதுதான் ஊர் வழக்கம். நெல்லையிலேயே தொழில் செய்யப்போகிறவர் என்றால், நான் இரண்டாவது வழியிலிருந்து தொடங்கச் சொல்வேன், சில நிபந்தனைகளுடன்.

சம்பளத்தை முதலிலேயே பேசி முடித்துவிடலாம். பெருநகரச் சம்பளம் கூடுதல்தான். ஆனால் விடுதி வாடகையும் மெஸ் கட்டணமும் போக மிஞ்சுவதை எண்ணிப் பார்த்தால், பெருமாள்புரத்து வீட்டிலிருந்து பைக்கில் அலுவலகம் போய்வருகிறவர் பெரிதாக ஒன்றையும் இழப்பதில்லை. முதல் மூன்று நான்கு ஆண்டுகளில் கவனிக்க வேண்டியது வேறு: ஒரு மருத்துவமனையை, மருத்துவர் தம் தேவையைச் சொல்லும் நாள் தொடங்கி நோயாளிகள் கட்டிலில் படுக்கும் நாள் வரையிலும், அதற்குப் பின்னரும், உடனிருந்து பார்க்கும் வாய்ப்பு எங்கே விரைவாகக் கிடைக்கும் என்பதே அது.

இந்த அளவுகோலில் பெரிய நிறுவனம் பின்தங்குகிறது. 300 படுக்கை மருத்துவமனை ஒன்று வரைபடத்திலிருந்து திறப்பு விழாவுக்கு வந்துசேரப் பல ஆண்டுகள் ஆகும். புதிதாகச் சேர்ந்தவருக்கு அதில் கிடைப்பது கதவுப் பட்டியல், கழிப்பறை விவரப்படம், படிக்கட்டுக் குறுக்குவெட்டு ஆகியவைதான்; கட்டடம் முடிவதற்குள் அவரே வேலை மாறிவிடுகிறார். உள்ளூரிலோ 30 படுக்கை நர்சிங் ஹோம் ஒன்றை அதைவிட மிகக் குறைந்த காலத்தில் கட்டி முடித்துவிடுகிறார்கள். திறந்த மறுவாரமே அங்குள்ள தலைமைச் செவிலியர், தமது மேசையிலிருந்து கடைசிக் கட்டில் தெரியவில்லை என்றும், வார்டிலிருந்து அழுக்குத் துணியை எடுத்துப் போகிறவர் சாப்பாட்டு டிராலி வரும் அதே நடையில்தான் வர வேண்டியிருக்கிறது என்றும் கூப்பிட்டுச் சொல்வார். இந்தக் குறைகள் எந்த வரைபடத்திலும் தெரிவதில்லை. தொடக்கத்திலேயே இவற்றைக் கேட்டுப் பழகியவர், அடுத்த வரைபடத்தில் செவிலியர் மேசையைத்தான் முதலில் வைப்பார்.

இன்னொரு காரணம் நெல்லையின் வேலையே வேறு மாதிரியானது. 1965இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் இருக்கிறது. மத்திய அரசின் திட்டத்தில் உயர்சிறப்புச் சிகிச்சைக் கட்டடமும் அங்கே வந்துவிட்டது. தனியார் தரப்பில் வழக்கமாக நடப்பது என்னவென்றால், மருத்துவத் தம்பதியர் கீழே ஓ.பி., மேலே வீடு என்று தொடங்கி, பத்துப் படுக்கை, இருபது படுக்கை என வளர்ந்து, பக்கத்து வீட்டை வாங்கி, நடுச்சுவரை உடைத்து இரண்டையும் ஒன்றாக்குவார்கள். இரண்டு கட்டடங்களின் தளமட்டமும் ஒன்றரை அடி வித்தியாசப்படும். தூண்கள் வரிசையில் நிற்காது. தளத்தின் உயரம் பத்து அடியைத் தாண்டாது. இதற்கிடையில் பழைய பகுதியில் நோயாளிகள் படுத்திருப்பார்கள்; ஆகவே உடைக்கும் தூசு அவர்கள் பக்கம் போகாதபடி எந்த வாரத்தில் எந்தச் சுவரை உடைப்பது, அதுவரை ஸ்ட்ரெச்சர் எந்த வழியாகப் போவது என்று திட்டமிடுவதே வடிவமைப்பில் பாதி வேலையாகிவிடுகிறது. காலி மனையில் புதிதாகக் கட்டும் பெரிய நிறுவனத்தில் இந்தக் கலையைக் கற்க வாய்ப்பு குறைவு.

இவ்வளவு சொன்ன பிறகு, உள்ளூர் அலுவலகங்களின் பெரிய பலவீனத்தை மறைப்பது நியாயமாகாது. அறுவைக்கூடத்தை, அதாவது நம் ஊரில் எல்லோரும் சொல்லும் தியேட்டரை, எடுத்துக்கொள்ளலாம். மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் தேசிய வாரியமான என்.ஏ.பி.எச்.சின் வழிகாட்டுதலின்படி பொதுவான தியேட்டரில் காற்று மணிக்கு 20 முறையாவது மாற வேண்டும். அதில் குறைந்தது 4 முறை வெளிக்காற்றாக இருக்க வேண்டும். அந்தக் காற்று, மிக நுண்ணிய துகள்களையும் பிடிக்கும் ஹெபா வடிகட்டி வழியாக வர வேண்டும். கதவைத் திறந்தால் வெளிக்காற்று உள்ளே நுழையாமல், உள்காற்று வெளியே போகும்படி அழுத்தம் சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும். இதற்கான டக்ட், அதாவது காற்றுக் குழாய், பொய்க்கூரைக்கு மேலே பாதி ஆள் உயர இடத்தைத் தின்றுவிடும். பத்து அடித் தளத்தில் அது நுழையாது என்பதை வாங்கப்போகும் பக்கத்து வீட்டைப் பார்த்தவுடனே மருத்துவரிடம் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் உள்ளூரில் பல இடங்களில் இதைத் தீர்மானிப்பவர் ஏசி விற்கும் டீலர். அவர் சுவரில் இரண்டு ஸ்பிளிட் ஏசியை மாட்டிவிட்டுப் போய்விடுவார். ஸ்பிளிட் ஏசி அறைக்குள் இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கும், புதுக்காற்றைக் கொண்டுவராது.

பெரிய நிறுவனத்தின் உண்மையான பெருமை இங்கேதான் இருக்கிறது. அங்கே ஏசி பொறியாளர், மின் பொறியாளர், ஆக்சிஜன் குழாய் வல்லுநர், தீயணைப்பு வல்லுநர் ஆகியோர் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் குழாய் இன்னொருவர் டக்டில் முட்டுவதைக் கணினியிலேயே கண்டுபிடித்துச் சண்டை போட்டுத் தீர்க்கிறார்கள். அந்தச் சண்டையை அருகிலிருந்து பார்த்தவர் எந்தக் கேள்வியை யாரிடம் கேட்க வேண்டும் என்று கற்றுக்கொள்கிறார். வரைந்ததை மூத்தவர் ஒருவர் சிவப்பு மையால் திருத்தித் தரும் வழக்கமும் அங்கே உண்டு. நெல்லையில் அலுவலக முதலாளி சைட்டுக்கும் பிளான் அப்ரூவலுக்கும் அலைந்துகொண்டிருப்பார், திருத்துவதற்கு மாலை ஏழு மணிக்கு மேல்தான் கிடைப்பார்.

பாதுகாப்பு விதிகளிலும் இதே வேறுபாடு தெரிகிறது. 2011 டிசம்பரில் கொல்கத்தாவில் ஒரு தனியார் மருத்துவமனையின் அடித்தளத்தில் மூண்ட தீயின் புகை மேல்தளங்களுக்குப் பரவி, ஏறத்தாழ 90 பேர் இறந்தார்கள். வாகனம் நிறுத்த வேண்டிய அடித்தளத்தில் எரியக்கூடிய பொருள்கள் அடுக்கப்பட்டிருந்தன. நெல்லையில் அடித்தளம் உள்ள மருத்துவமனைகள் குறைவு என்று யாரும் ஆறுதல் கொள்ள வேண்டாம். நம் ஊரில் அந்தச் சேமிப்பறை மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. 2016ஆம் ஆண்டு தேசியக் கட்டடக் கோட்பாடு படுக்கைப் பகுதி நடைக்கு 2.4 மீட்டர் அகலம் கேட்கிறது. அந்த அகலத்தை வரைந்தால் போதாது. சக்கர நாற்காலிகளுக்கும் ஆக்சிஜன் சிலிண்டர்களுக்கும் தனி இடம் ஒதுக்காவிட்டால் அவை அந்த நடையில்தான் வந்து நிற்கும். மருத்துவக் கழிவுக்கும் இதுவே கதி. 2016ஆம் ஆண்டு விதிகளின்படி சுத்திகரிக்காத கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. அதற்கு வண்டி வந்து எடுக்கும் வழியுடன் ஓர் அறை வேண்டும், ஆனால் பல வரைபடங்களில் அந்த அறையே இருப்பதில்லை.

எக்ஸ்ரே அறையில் நிலைமை தலைகீழாகிறது, அதாவது உள்ளூர் அனுபவம்தான் காப்பாற்றுகிறது. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் கணக்கில், கதிர் நேரே விழும் சுவர் 35 சென்டிமீட்டர் செங்கல் கனமும், சிதறிய கதிர் விழும் சுவர் 23 சென்டிமீட்டர் கனமும் கொண்டிருக்க வேண்டும், கதவுக்கு 1.7 மில்லிமீட்டர் ஈயத் தகடு வேண்டும். இதைச் சென்னை அலுவலகத்தில் இருப்பவரும் மனப்பாடமாகச் சொல்வார். ஆனால் கண்ட்ராக்டர் செலவைக் குறைக்க, உள்ளே வெற்றிடமுள்ள ஹாலோ பிளாக்கில் சுவர் எழுப்பி, மேலே பூசிவிட்டால் பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். சைட்டில் நின்று, கொத்தனாரிடம் எந்தக் கல் என்று கேட்டவருக்குத்தான் தெரியும்.

இடத்தின் தன்மையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பத்து சென்ட் மனை என்பது ஏறத்தாழ 20 மீட்டருக்கு 20 மீட்டர். தளத்துக்குத் தளம் 3.6 மீட்டர் உயரம் என்றால், பன்னிரண்டுக்கு ஒன்று என்ற சாய்வில் ராம்ப் 43 மீட்டர் நீளம் வேண்டும். இடைநிற்கும் மேடைகள் தனி. அத்தனை சிறிய மனையில் ராம்ப் வைத்தால் வார்டுக்கு இடமில்லை, வைக்காவிட்டால் மின்சாரம் போன நேரத்தில் ஸ்ட்ரெச்சரை எப்படி இறக்குவது என்ற கேள்வி நிற்கிறது; ஆகவே லிஃப்டுக்கும் ஜெனரேட்டருக்கும் இடையிலான இணைப்பு இங்கே உயிர் சார்ந்த விஷயம். அந்த ஜெனரேட்டரைத் தரையில் வைக்கலாமா என்பதற்கு 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி விடை சொல்லிவிட்டது. அந்த மழையில் திருநெல்வேலி ஜங்ஷனே நீரில் நின்றது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை பதிவானது. தரைமட்டத்தில் மின்பலகையும், சிலிண்டர்களைக் குழாயுடன் இணைக்கும் ஆக்சிஜன் மேனிஃபோல்டும் வைக்கும் வரைபடத்தை இனி எந்த நெல்லைக்காரரும் கையெழுத்திடக் கூடாது. அதேபோல, செங்கோட்டைக் கணவாய் வழியே ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் காற்றைத் தென்காசிப் பக்கத்தில் ஓ.பி. காத்திருப்புக் கூடத்துக்குப் பயன்படுத்தலாம். இருமல் நோயாளிகள் நிறையப் பேர் உட்காரும் இடத்தில் அடைத்த ஏசி அறையைவிட இரண்டு பக்கமும் திறந்த கூடம் பாதுகாப்பானது. பாளையங்கோட்டையின் மே மாத வெயிலில் அதே கூடத்துக்கு ஆழமான சன்ஷேடும் மேற்குப் பக்கம் மூடிய சுவரும் வேண்டும். ஐம்பது அறுபது கிலோமீட்டரில் விடை மாறுகிறது. பெருநகரத்தில் வரையப்படும் பொது மாதிரியில் இது வருவதில்லை.

மூன்றாவது வழியை, அதாவது மருத்துவமனையின் சொந்தக் கட்டுமானப் பிரிவை, நம் இளைஞர்கள் ஏனோ தாழ்வாக நினைக்கிறார்கள். வடிவமைப்பாளர் என்ற பெயர் போய்விடும் என்ற அச்சம் போலும். மருத்துவமனை தன்னைத்தானே எப்படிப் பார்க்கிறது என்பதை அங்கே மட்டுமே கற்க முடியும். திருநெல்வேலியில் 1988இல் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை போன்ற அமைப்புகளில், ஓர் அறுவை நிபுணர் இரண்டு மேசைகளுக்கு நடுவே நின்று, ஒன்றில் முடித்தவுடன் அடுத்ததற்குத் திரும்பும் முறை இருக்கிறது. ஒரு மேசைக்கு ஓர் அறை என்று வரைந்து பழகியவருக்கு அந்த அறை புரியாது. பராமரிப்பு ஊழியருடன் மூன்று மாதம் சுற்றினால், எந்த டைல்ஸ் மூலையில் உடைகிறது, எந்தக் கதவில் கட்டில் இடிக்கிறது, எந்தக் குழாய்க்குக் கை நுழையவில்லை என்பது தெரிந்துவிடும். உள்ளூர் அலுவலகத்தில் இரண்டு ஆண்டு முடித்தவருக்கு அடுத்த இடமாக இதைத்தான் நான் முதலில் சொல்வேன்.

மேற்படிப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டெல்லி ஜாமியா மில்லியா இஸ்லாமியாவில் மருத்துவமனைக் கட்டடக்கலையில் எம்.ஆர்க். இருக்கிறது, அமெரிக்காவில் கிளெம்சன், டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகங்கள் இத்துறையில் பெயர்பெற்றவை. பி.ஆர்க். முடித்த கையோடு போனால் வகுப்பில் பேசப்படுவது செய்தியாகவே நின்றுவிடும். ஒரு தியேட்டரையாவது கட்டிப் பார்த்துவிட்டுப் போனவருக்கு அதே வகுப்பு மூன்று மடங்கு பயன் தரும்.

அரசுத் துறையில், தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளைப் பொதுப்பணித் துறை கட்டுகிறது. அத்துறையின் தலைமைக் கட்டடக் கலைஞர் அலுவலகம் சென்னையில் இருக்கிறது. நெல்லையில் உட்கார்ந்து அரசு மருத்துவமனை வடிவமைக்கலாம் என்று எண்ணித் தேர்வெழுதுகிறவர் இதைத் தெரிந்துகொண்டு எழுதட்டும். சமவெளியில் 30,000 பேருக்கும் மலைப்பகுதியில் 20,000 பேருக்கும் ஓர் ஆரம்பச் சுகாதார நிலையம் என்ற கணக்கில் வரும் சிறு கட்டடங்கள் கவனத்துக்குரியவைதான், ஆனால் அவற்றுக்குப் பெரும்பாலும் மாதிரி வரைபடம் மேலிருந்தே வந்துவிடுகிறது.

ஆக, பெருநகரத்திலேயே குடியேற நினைப்பவருக்கும், 500 படுக்கை மருத்துவமனைகளை வரைவதே ஆசை என்பவருக்கும் பெரிய நிறுவனமே சரி. அவர் ஒரு திட்டமாவது திறக்கும் வரை அங்கே பொறுமையாக இருக்க வேண்டும், படம் அழகுபடுத்தும் குழுவில் சிக்கிக்கொள்ளக் கூடாது. ஊரில் இருக்கப்போகிறவருக்கு உள்ளூர் அலுவலகம், அதன்பின் மருத்துவமனைப் பிரிவோ பெருநகரமோ என்ற வரிசை பொருந்தும். ஆனால் எல்லா உள்ளூர் அலுவலகமும் தகுதியானதல்ல. நேர்காணலுக்குப் போகும்போது மூன்று கேள்விகளைத் தயங்காமல் கேட்கலாம்: நீங்கள் கட்டிய மருத்துவமனை ஒன்றைத் திறந்தபின் மறுபடி போய்ப் பார்த்தது எப்போது, தியேட்டருக்கு ஏசி கணக்கிட்டுத் தந்த பொறியாளர் யார், எக்ஸ்ரே அறைக்கு வாரியத்தின் அனுமதி வாங்கிய வரைபடத்தைக் காட்ட முடியுமா. இரண்டாவது கேள்விக்கு டீலரின் பெயர் வந்தால், நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடலாம்.