வாரண்டி எடுக்கவில்லை என்றால் உரிமையும் கிடையாதாம்: ஒரு பழைய கார் டீலரோடு என் அனுபவம்

இரண்டு ஸ்டார். காரை விற்றவர்களுக்கு மட்டும் என்றால் ஒன்றுதான் போட்டிருப்பேன்.

வாங்குகிற வரைக்கும் குறை சொல்ல ஒன்றுமில்லை. விற்பனைப் பையன் பொறுமையாகப் பேசினான், கேட்ட தூரம் ஓட்டிப் பார்க்க விட்டான், "இன்ஜின்ல ஒரு வேலையும் இல்ல சார், அப்படியே எடுத்துட்டுப் போலாம்" என்று வாட்ஸப்பிலும் எழுதி அனுப்பினான். அந்த மெசேஜ் பிறகு எவ்வளவு உதவப்போகிறது என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

ஒன்பதாம் நாள் ஒரு ஏற்றத்தில் டெம்பரேச்சர் முள் சிவப்புக்கோட்டைத் தொட்டது, சைலன்சரில் வெள்ளைப் புகை. நிறுத்தி, சூடு ஆறின பிறகு ஆயில் மூடியைத் திறந்தால் அடியில் வெளிர் பழுப்பாகக் கூழ் மாதிரி ஒட்டியிருக்கிறது. உடனே டீலருக்கு போன் போட்டேன். மேனேஜர் கேட்ட முதல் கேள்வி: "எக்ஸ்டென்டட் வாரண்டி வேண்டாம்னு நீங்கதானே சொன்னீங்க?" அப்புறம், "உள்ளது உள்ளபடி வாங்குகிறேன்" என்று நான் கையெழுத்துப் போட்ட காகிதத்தை நினைவுபடுத்தினார்.

இங்கேதான் பலரும் சரி, நம் தலையெழுத்து என்று போனை வைத்துவிடுகிறார்கள். வாரண்டி என்பது அவர்கள் தனியாகக் காசு வாங்கிக்கொண்டு விற்கும் இன்னொரு சரக்கு. விற்ற பொருள் சொன்னபடி இருக்கவேண்டும் என்பது சட்டம் தருவது, அதை வாங்க யாரும் காசு கட்டத் தேவையில்லை. கால அளவுதான் நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி பழுதுள்ள காரை 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம், 6 மாதத்துக்குள் தெரியும் பழுது விற்கும்போதே இருந்ததாகத்தான் எடுத்துக்கொள்வார்கள், இல்லை என்று நிரூபிப்பது டீலர் பாடு. சிங்கப்பூரில் 2012 முதல் அதே 6 மாதக் கணக்கு, பழைய காருக்கும் உண்டு. இந்தியாவில் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி புகார் கொடுக்க 2 வருடம் இருக்கிறது, வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். அமெரிக்காவில் பல மாநிலங்களில் "உள்ளது உள்ளபடி" விற்பனை செல்லும், அங்கே கையெழுத்துப் போடும்முன் நிதானம் தேவை. டீலரிடம் வாங்காமல் தனி ஆளிடம் வாங்கினால் பிடி பொதுவாகவே தளர்ந்துவிடும்.

நான் காரை அதற்குமேல் ஓட்டவில்லை, டீலருக்குச் சம்பந்தமில்லாத ஒரு மெக்கானிக்கிடம் இழுத்துக்கொண்டு போனேன். ஆயில் மூடியில் கூழ் இருப்பதை மட்டும் வைத்து இன்ஜினுக்குள் பழுது என்று சொல்லிவிட முடியாது, குளிரில் குறைந்த தூரம் ஓடும் வண்டியிலும் அது வரும் என்றார். ரேடியேட்டர் வாயில் ஒரு கண்ணாடிக் குழாயை வைத்தார், அதில் நீல நிறத் திரவம்; இன்ஜினை ஓடவிட்டதும் கண்முன்னே மஞ்சளாக மாறியது. எரிந்த வாயு இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட்டுக்குள் வருகிறது, அதாவது இன்ஜினின் மேல்பாகத்துக்கும் கீழ்பாகத்துக்கும் நடுவே அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. அப்புறம் காரின் கம்ப்யூட்டர் பழுதுகளைக் குறித்துவைக்கும் பிழைக் குறியீடுகளைப் படிக்கிற ஸ்கேனரைச் செருகினார். அந்தக் குறியீடுகளைக் கடைசியாக அழித்த பிறகு வண்டி ஓடிய தூரம் 420 கி.மீ. என்று காட்டியது. டெலிவரி ரசீதில் எழுதியிருந்த மீட்டர் கணக்கிலிருந்து நான் ஓட்டியது 412. ஆக, சாவி என் கைக்கு வருவதற்கு எட்டே கிலோமீட்டர் முன்னால் யாரோ அழித்திருக்கிறார்கள்! எதற்கு அழித்தார்கள் என்று மேனேஜரிடம் கேட்டேன், இன்றுவரை பதில் இல்லை.

மெக்கானிக்கின் அறிக்கை, ஸ்கேனர் படம், வாட்ஸப் மெசேஜ், அவர்கள் போட்ட விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் சேர்த்து, பதினான்கு நாளில் சரிசெய்து கொடுங்கள், இல்லையேல் பணத்தைத் திருப்புங்கள் என்று மின்னஞ்சல் அனுப்பினேன். போனில் கத்தியபோது அசையாத மேனேஜர் இதைப் படித்த மறுநாளே வண்டியைக் கொண்டுவரச் சொன்னார். (வேறு இடத்தில் ரிப்பேர் செய்துவிட்டு பில்லை நீட்டியிருந்தால் கதை வேறு, சரிசெய்ய எங்களுக்கு வாய்ப்பே தரவில்லை என்று நழுவியிருப்பார்கள்.) வேலை முடிய பத்தொன்பது நாள், மாற்று வண்டி கிடையாது, மன்னிப்பு என்று ஒரு வார்த்தை கிடையாது. காசு வாங்கவில்லை, ரிப்பேரும் ஒழுங்காகவே செய்திருக்கிறார்கள், முள் இப்போது நடுவிலேயே நிற்கிறது. இரண்டாவது ஸ்டார் அதற்குத்தான்.

நேற்று அதே பையன் ஐந்து ஸ்டார் போடச் சொல்லி லிங்க் அனுப்பினான். அந்த மெசேஜையும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.