குழந்தையுடன் கேம்பர்வேனில் பினாங்குக்கு: ஒரு வாடகைச் சேவையின் மதிப்பீடு

பள்ளி விடுமுறையில் பினாங்குக்குச் சென்றுவர, மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கில் (கோலாலம்பூரும் அதன் சுற்றுப்புறமும்) இயங்கும் ஒரு நிறுவனத்திடம் நான்கு நாள்களுக்குக் கேம்பர்வேன் (உள்ளேயே படுக்கவும் சமைக்கவும் வசதியுள்ள வண்டி) வாடகைக்கு எடுத்தோம். நாளொன்றுக்கு 480 ரிங்கிட். முன்பணம் 500 ரிங்கிட். வண்டி 3,500 கிலோவுக்கு உட்பட்டது என்பதால் என் கணவரின் டி வகை உரிமமே போதுமானதாக இருந்தது.

வண்டியை ஒப்படைத்த ஊழியர் அடுப்பு, நீர்த்தொட்டி, கழிப்பறை எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினார். எங்கள் நான்கு வயது மகள் எங்கே உட்காருவாள் என்று கேட்டபோதோ, பக்கவாட்டில் போடப்பட்டிருந்த நீண்ட இருக்கையைக் காட்டினார். குழந்தை இருக்கையை வண்டி செல்லும் திசையை நோக்கியோ அதற்கு நேரெதிராகவோதான் பொருத்தலாம்; பக்கவாட்டில் இடுப்புப் பட்டையை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்கும் குழந்தையின் உடலை, திடீரென்று பிரேக் பிடிக்கும்போது அந்தப் பட்டையால் காப்பாற்ற முடியாது. கார்களில் குழந்தை இருக்கை 2020 ஜனவரி முதல் கட்டாயமாகிவிட்ட நாட்டில், குடும்பங்களுக்கென்றே விளம்பரம் செய்யும் நிறுவனம் இதை யோசிக்காமல் இருந்தது எனக்குக் கோபத்தையே தந்தது. நெடுநேரம் வாதிட்ட பிறகு, முன்னோக்கிய இருக்கையும் தோள்பட்டைவாரும் உள்ள வேறு வண்டியைத் தந்தார்கள். கூடுதல் கட்டணம் கேட்கவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நெடுஞ்சாலைப் பயணத்தில் குறை எதுவும் இல்லை. தாப்பா ஓய்வுத்தளத்தில் நாசி லெமாக் வாங்கி, வண்டிக்குள்ளிருந்த மடக்கு மேசையில் வைத்துப் பசியாறினோம். குளிர்பெட்டி வண்டியின் மின்கலத்தில் இயங்கியதால் பால் கடைசி நாள்வரை கெடவில்லை. சிறு குழந்தை வைத்திருப்பவர்களுக்கு இந்த ஒன்றுக்காகவே வாடகை தகும் என்று தோன்றியது.

இரவுதான் சோதனையாக அமைந்தது. தைப்பிங்கில் ஒரு தங்கும் விடுதியின் வளாகத்தில், உரிமையாளரின் அனுமதியுடன் வண்டியை நிறுத்தினோம். விளம்பரத்தில் இருந்த குளிர்சாதனம், வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்தால் மட்டுமே வேலை செய்யும் என்பது அங்கேதான் தெரியவந்தது. மழைக்குப் பேர்போன தைப்பிங் அன்றும் தன் பெயரைக் காப்பாற்றியதால் கூரைச் சன்னலையும் மூட வேண்டியதாயிற்று. சிறு மின்விசிறியைக் குழந்தையின் பக்கம் திருப்பிவிட்டு, நாங்கள் இருவரும் வியர்வையில் விடியும்வரை புரண்டோம். மின் இணைப்புள்ள இடம் எங்கெங்கே உண்டு என்ற பட்டியலை நிறுவனம் முன்கூட்டியே தந்திருக்கலாம். மறுநாள் காலை ஏரிப் பூங்காவின் மர நிழலில் மகள் ஓடி விளையாட, நாங்கள் மாறி மாறித் தூங்கினோம்.

13.5 கிலோமீட்டர் நீளமுள்ள பினாங்குப் பாலத்தில் உயரமான வண்டி காற்றுக்கு இலேசாக அசைந்தது. வேகத்தைக் குறைத்தபின் சரியாயிற்று. ஜார்ஜ்டவுனுக்குள் இந்த வண்டி உதவாது. பேரங்காடிகளின் நிறுத்துமிட உயரத் தடுப்பைத் தாண்டாது. லிட்டில் இந்தியாவின் தெருக்களில் நிறுத்த இடமும் கிடைக்காது. கடற்கரைப் பகுதியான பத்து ஃபெரிங்கியில் மின் இணைப்புள்ள இடமொன்றில் வண்டியை விட்டுவிட்டு, மகாமாரியம்மன் கோயிலுக்கு வாடகைக் காரில் சென்றுவந்தோம்.

முன்பணத்தில் 50 ரிங்கிட்டைத் துப்புரவுக்கென்று பிடித்துக்கொண்டார்கள். மெத்தைக்கு அடியில் கிடந்த கடல்மணலின் அளவைப் பார்த்தபின் நான் மறுப்புச் சொல்லவில்லை.