பென்டடானிக் முதலிலா, மோட்கள் முதலிலா?

கிட்டாரில் கார்டுகள் (ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டங்கள்) ஓரளவு கைக்கு வந்து, தனித்து வாசிக்கும் சோலோ பக்கம் திரும்பும்போது, எந்த ஸ்கேலை (சுர வரிசையை) முதலில் படிப்பது என்ற இந்தக் கேள்வி வந்தே தீரும். நான் பென்டடானிக்கைத்தான் முதலில் எடுத்தேன். யார் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

எளிது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஐந்தே சுரங்கள், கம்பிக்கு இரண்டு. அரைச்சுர இடைவெளி கிடையாது, அதனால் எங்கே நின்றாலும் பெரிதாக உறுத்தாது. சரி, அதை விடுங்கள். என் முடிவுக்குக் காரணம் காது.

மோட்கள் என்பவை ஒரே ஸ்கேலை வெவ்வேறு சுரத்திலிருந்து தொடங்கும் வடிவங்கள். அவற்றை மேஜர் ஸ்கேலிலிருந்து பிரித்துப் படித்தால் சி அயோனியன், டி டோரியன், இ ஃப்ரிஜியன் எல்லாவற்றிலும் அதே ஏழு சுரங்கள். விரல் ஏழு வடிவங்களையும் மனப்பாடம் செய்துவிடும். ஆனால் அடியில் ஒரு கார்டோ நிலையான சுரமோ ஒலிக்காவிட்டால் காதுக்கு எல்லாமே சி மேஜர்தான்.

பென்டடானிக் வழியாகப் போனால் அந்த வித்தியாசம் ஒரே சுரத்தில் பிடிபடும். ஏ மைனர் பென்டடானிக்கின் முதல் பாக்ஸில் (கழுத்தில் விரல் வைக்கும் வடிவம்), மெல்லிய கம்பியிலிருந்து எண்ணினால் இரண்டாவது கம்பியில் 5-ஆவது, 8-ஆவது ஃப்ரெட்கள் (கழுத்தின் கட்டங்கள்) வரும். ஏ மைனர் கார்டை லூப்பில் ஓடவிட்டு, நடுவில் 6-ஐ அழுத்துங்கள். அது எஃப், சோகம் கனக்கும், ஏயோலியன் மோட். 7-ஐ அழுத்தினால் எஃப் ஷார்ப். சட்டென்று வெளிச்சம் வரும், டோரியன். முதல் கம்பியில் 7-இல் இருக்கும் பி இரண்டுக்கும் பொது. அதை 6-க்கு இறக்கி, இரண்டாவது கம்பியிலும் 6-ஐ வைத்துக்கொண்டால் ஃப்ரிஜியன். மூன்று மைனர் மோட்களுக்கும் எலும்புக்கூடு அந்த ஒரே பாக்ஸ்தான். மேஜர் பென்டடானிக்கும் இப்படியே அயோனியன், லிடியன், மிக்ஸோலிடியன் மூன்றுக்கும் அடித்தளம். லோக்ரியன் மட்டும் அடங்காது, அதன் ஐந்தாம் சுரமே அரைச்சுரம் இறங்கியிருக்கிறது.

மோட்களில் தொடங்குவதிலும் லாபம் உண்டு. கம்பிக்கு மூன்று சுரம் வைத்துப் பழகுவதால் வேகமான ஓட்டம் சீக்கிரம் வரும், எந்தக் கார்ட் எந்த ஸ்கேலில் பிறக்கிறது என்பதும் தெளிவாகும். கார்டுக்குக் கார்ட் ஸ்கேல் மாறும் ஜாஸ் வாசிப்பில் எனக்குப் பழக்கம் குறைவு. அங்கே மோட்களை முதலில் எடுப்பதுதான் சரியோ என்னவோ.

பென்டடானிக்கில் ஒரே ஆபத்து, முதல் பாக்ஸிலேயே தங்கிவிடுவது. மற்ற நான்கையும் கழுத்து முழுக்கப் படித்த பிறகே மோட் சுரங்களைச் சேர்க்கத் தொடங்குங்கள். அப்புறம் ஏ மைனர், டி மேஜர் இரண்டையும் மாற்றி மாற்றி ஓடவிட்டு டோரியனை வாசித்துப் பாருங்கள். டி மேஜருக்குள்ளேயே எஃப் ஷார்ப் இருப்பதால் அந்த 7-ஆவது ஃப்ரெட் கச்சிதமாக உட்காரும். டி மேஜருக்குப் பதில் டி மைனர் வைத்தால் அங்கே 6-ஆவது ஃப்ரெட்தான் பொருந்தும்.