விர்ச்சுவல்பாக்ஸ்: உடைத்துப் படிக்க ஓர் ஆய்வுக்கூடம்

எங்கள் பாடத்திட்டத்தில் இயங்குதளம் ஒரு பருவத்தில் வருகிறது, கணினி வலையமைப்பு அடுத்த பருவத்தில், தகவல் பாதுகாப்பு அதற்கும் அடுத்ததில். மூன்றுக்கும் தனித்தனிப் புத்தகம், தனித்தனித் தேர்வு. மூன்றும் ஒன்றுக்குள் ஒன்று பிணைந்தவை என்பதை எனக்குப் புரியவைத்தது விர்ச்சுவல்பாக்ஸ் என்ற ஓர் இலவச மென்பொருள். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் அரசு கலைக் கல்லூரி ஒன்றில் இளநிலை கணினி அறிவியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். என்னிடம் இருப்பது 8 ஜிபி ரேம் உள்ள, இரண்டாம் கையாக வாங்கிய மடிக்கணினி. வீட்டில் அப்பாவின் கணக்கு வழக்கும் தம்பியின் பள்ளிப் பாடங்களும் இதில்தான் இருக்கின்றன. இதைப் பழுதாக்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் பாதுகாப்பு என்பது உடைத்துப் பார்க்காமல் கற்க முடியாத பாடம். இந்த நிலையில் இருக்கும் மாணவர்களை மனத்தில் வைத்தே இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

விர்ச்சுவல்பாக்ஸை முதலில் உருவாக்கியது இன்னோடெக் என்ற ஜெர்மன் நிறுவனம். 2007இல் வெளியானது. அடுத்த ஆண்டே சன் மைக்ரோசிஸ்டம்ஸ் அந்த நிறுவனத்தை வாங்கியது. 2010இல் சன்னை ஆரக்கிள் வாங்கியபோது இதுவும் ஆரக்கிளிடம் போனது. அடிப்படைத் தொகுப்பு திறந்த மூல மென்பொருள். நம் கணினியில் ஓடும் விண்டோஸுக்கு உள்ளேயே இன்னொரு முழுக் கணினியை, அதாவது ஒரு விர்ச்சுவல் மெஷினை, இது இயக்கிக் காட்டும். அந்த உள் கணினிக்கு ரேம் எவ்வளவு, வட்டு எவ்வளவு, எத்தனை நெட்வொர்க் கார்டு என்று நாம்தான் முடிவு செய்கிறோம்.

நிறுவுவது எளிது. முதல் தடை பெரும்பாலும் பயாஸில்தான், அதாவது கணினி தொடங்கும்போது திறக்கும் அடிப்படை அமைப்புத் திரையில்தான் வரும். பல மடிக்கணினிகளில் மெய்நிகராக்க வசதி (உள் கணினியை இயக்கச் செயலி தரும் துணை) அணைக்கப்பட்டே இருக்கும்; இன்டெல் என்றால் விடி-எக்ஸ், ஏஎம்டி என்றால் எஸ்விஎம் என்ற பெயரில் அதைத் தேடி இயக்க வேண்டும். 2019இல் வந்த 6.1 பதிப்பிலிருந்து அந்த வசதி இல்லாமல் விர்ச்சுவல்பாக்ஸ் ஓடாது.

ஒரு சாதாரண மென்பொருளுக்கு ஏன் செயலியின் துணை வேண்டும்? இந்தக் கேள்விக்கு விடை தேடியபோதுதான் இயங்குதளப் பாடம் எனக்குப் பிடித்துப்போனது. 1974இல் போபெக், கோல்ட்பெர்க் என்ற இருவர், ஒரு செயலியை மெய்நிகராக்க என்ன தகுதி வேண்டும் என்று வரையறுத்தார்கள். கணினியின் நிலையை மாற்றக்கூடிய எந்தக் கட்டளையையும் சாதாரண நிரல் இட்டால், செயலி அங்கேயே நின்று, உள் கணினிகளை நடத்தும் மேற்பார்வையாளர் நிரலைக் கூப்பிட வேண்டும். பழைய இன்டெல் செயலிகள் இந்தத் தேர்வில் தோற்றன. எடுத்துக்காட்டாக, பாப்எஃப் என்ற கட்டளை. குறுக்கீடுகளை (சாதனங்கள் செயலியை அழைக்கும் குறிப்புகளை) அணைக்கும்படி ஒரு சாதாரண நிரல் அதன் வழியே கேட்டால், செயலி மறுக்கவும் செய்யாது, யாரையும் கூப்பிடவும் செய்யாது. அந்தப் பகுதியைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டு அடுத்த கட்டளைக்குப் போய்விடும். உள்ளே ஓடும் இயங்குதளம் தான் கேட்டது நடந்துவிட்டதாக நம்பிக்கொண்டிருக்கும். 1998இல் தொடங்கிய விஎம்வேர் நிறுவனம் இப்படிப்பட்ட கட்டளைகளை ஓடும்போதே மொழிபெயர்த்துச் சமாளித்தது. 2005இல் இன்டெலும் 2006இல் ஏஎம்டியும் செயலியிலேயே வழி செய்து தந்தன. பயாஸில் நாம் மாற்றும் அந்த ஒரு தேர்வுக்குப் பின்னால் முப்பது ஆண்டுக் கதை இருக்கிறது. எங்கள் பாடநூலில் இதற்கு ஒரு பத்திகூட இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

விண்டோஸ் 11 வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. உள் கணினியின் சாளரத்தில், கீழ்ப் பட்டையில் ஒரு பச்சை ஆமைப் படம் தெரிந்தால், மைக்ரோசாஃப்டின் சொந்த மெய்நிகராக்க மென்பொருளான ஹைப்பர்-வி ஏற்கெனவே செயலியின் மெய்நிகராக்க வசதியைக் கையில் எடுத்துக்கொண்டது, விர்ச்சுவல்பாக்ஸ் அதன் மேல் அமர்ந்து மெதுவாக ஓடுகிறது என்று பொருள். ஹைப்பர்-வியைப் பயன்படுத்தும் மெமரி இன்டெக்ரிட்டி என்ற பாதுகாப்பை அணைத்துவிடுங்கள், வேகம் கூடும் என்று பலரும் சொல்வார்கள். நான் அணைக்கவில்லை. பாதுகாப்பு படிப்பதற்காக வீட்டுக் கணினியின் பாதுகாப்பைக் குறைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. மெதுவாக ஓடட்டும்.

என் ஆய்வுக்கூடத்தில் இரண்டு உள் கணினிகள். ஒன்று காளி லினக்ஸ். பாதுகாப்புச் சோதனைக் கருவிகள் நிறைந்தது, விர்ச்சுவல்பாக்ஸுக்கென்றே தயார் நிலையில் கிடைக்கிறது. அதற்கு 2 ஜிபி ரேம் கொடுத்திருக்கிறேன். இன்னொன்று மெட்டாஸ்ப்ளாய்டபிள் 2. ரேபிட்7 நிறுவனம் பயிற்சிக்காக வெளியிட்ட, வேண்டுமென்றே ஓட்டைகள் நிறைந்த பழைய உபுண்டு 8.04 லினக்ஸ். இதற்கு 512 எம்பி போதும். இது விஎம்வேர் வட்டுக் கோப்பாகத்தான் வருகிறது. புதிதாக ஒரு மெஷின் உருவாக்கி, ஏற்கெனவே உள்ள வட்டைப் பயன்படுத்து என்று தேர்ந்தெடுத்தால் விர்ச்சுவல்பாக்ஸ் மறுக்காமல் ஏற்கிறது.

இனி நெட்வொர்க் அமைப்பு. இந்த மென்பொருளிலேயே அதிகம் கற்றுத்தரும் இடம் இதுதான், அதிக ஆபத்து உள்ள இடமும் இதுதான். இயல்பாக வருவது நேட், அதாவது உள் கணினியின் போக்குவரத்தை நம் கணினியின் முகவரியிலேயே வெளியே அனுப்பும் முறை. இரண்டு உள் கணினிகளையும் இதில் வைத்துப் பாருங்கள்: இரண்டுமே தம் ஐபி முகவரி 10.0.2.15 என்று சொல்லும், ஒன்றை ஒன்று பார்க்க முடியாது. ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு தனி வலையமைப்புக்குள் இருப்பதே காரணம். நேட்டில் வைத்தால் பத்திரம் என்று வகுப்பில் பலர் நம்புகிறார்கள். வெளியிலிருந்து உள்ளே வருவதை மட்டுமே அது தடுக்கிறது. உள்ளே இருக்கும் ஒரு தீய நிரல் இணையத்துக்குப் போகலாம், வீட்டு வைஃபையில் இருக்கும் மற்ற கருவிகளையும் எட்டலாம். பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போது எந்தத் திசையில் என்று கேட்க வேண்டும் என்பதை நான் இங்கேதான் கற்றேன்.

பிரிட்ஜ்ட் என்ற தேர்வு இன்னும் கவனிக்க வேண்டியது. அதில் உள் கணினி நம் வலையமைப்பில் ஓர் உண்மையான கணினியாகவே போய் உட்காரும். விடுதி வைஃபையில் இருந்துகொண்டு மெட்டாஸ்ப்ளாய்டபிளை இப்படி இணைத்தால், அறிந்த ஓட்டைகள் அத்தனையும் உள்ள ஒரு கணினியை எல்லோருக்கும் திறந்துவைத்ததாகிவிடும். ஹோஸ்ட்-ஒன்லியில் நம் மடிக்கணினியும் உள் கணினிகளும் மட்டும் பேசிக்கொள்ளும், முகவரிகள் 192.168.56 என்று தொடங்கும். நான் பயன்படுத்துவது இன்டர்னல் நெட்வொர்க். உள் கணினிகள் தங்களுக்குள் மட்டும் பேசும். என் விண்டோஸ்கூட அந்த வட்டத்தில் இல்லை. முகவரி வழங்க அங்கே யாரும் இல்லாததால் நாமே கையால் கொடுக்க வேண்டும். 192.168.50.10 ஒன்றுக்கு, 192.168.50.20 இன்னொன்றுக்கு. கூடுதல் வேலைதான். ஆனால் ஒரு வலையமைப்பின் எல்லையைக் குறிக்கும் சப்நெட் மாஸ்க் என்ன செய்கிறது என்பது தேர்வுக்கு மனப்பாடம் செய்தபோது புரியவில்லை. இந்த இரண்டு முகவரிகளையும் தட்டச்சு செய்து, பிங் என்ற இணைப்புச் சோதனைக்குப் பதில் வந்தபோது புரிந்தது.

சட்டத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் முதலாண்டு மாணவர்களிடம் யாரும் இதைச் சொல்வதில்லை. உரிமையாளரின் அனுமதி இல்லாமல் ஒரு கணினிக்குள் நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 43இன் கீழ் வருகிறது. அதையே நேர்மையற்ற நோக்கத்துடன் செய்தால் பிரிவு 66: மூன்று ஆண்டுகள் வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கல்லூரி வலையமைப்பு நம்முடையது இல்லை. இரண்டு உள் கணினிகளும் நம்முடையவை. அங்கே எதையும் உடைக்கலாம்.

உடைத்ததில் என்னை அதிகம் பாதித்தது வி.எஸ்.எஃப்.டி.பி.டி. 2.3.4. கோப்புப் பரிமாற்ற சேவை மென்பொருளான இதன் பதிவிறக்கக் கோப்பில் யாரோ ஒரு பின்வாசலைச் செருகியிருந்தது 2011 ஜூலையில் தெரியவந்தது. பயனர் பெயரோடு :) என்ற சிரிப்புக் குறியைச் சேர்த்துக் கொடுத்தால் போதும், கடவுச்சொல் எதுவானாலும் 6200ஆம் போர்ட் (கணினியின் எண்ணிட்ட இணைப்பு வாசல்களில் ஒன்று) திறந்துகொள்ளும். மெட்டாஸ்ப்ளாய்டபிளில் இந்தப் பதிப்புதான் இருக்கிறது. திறந்த போர்ட்டுகளைத் தேடும் என்மேப் கொண்டு துழாவினேன், 21ஆம் போர்ட்டில் பதிப்பு எண் தெரிந்தது. அந்தச் சிரிப்புக் குறியைக் கொடுத்தேன். நிர்வாகிக்குரிய முழு அதிகாரத்தோடு, கட்டளைகள் இடும் ஒரு ஷெல் வந்து நின்றது. எந்தத் திறமையும் தேவைப்படவில்லை. அதிகாரபூர்வத் தளத்திலிருந்துதானே இறக்கினோம் என்ற நம்பிக்கை எவ்வளவு மெல்லியது என்று அன்று உறைத்தது. கோப்பை இறக்கிய பிறகு அதன் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்க்க வேண்டும் என்ற அறிவுரையை நான் அதன் பிறகுதான் பின்பற்றத் தொடங்கினேன்.

வேறொரு கணினிக்குள் வலையமைப்பு வழியாக நுழையும் பழைய முறையான டெல்நெட்டைச் சோதிப்பது இதைவிட எளிது. எல்லோரும் செய்து பார்க்க வேண்டும். காளியில், வலையமைப்பில் போகும் தரவைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க்கை இயக்கிவிட்டு, மெட்டாஸ்ப்ளாய்டபிளுக்கு டெல்நெட்டில் நுழையுங்கள். பிறகு அந்த உரையாடலை மட்டும் தொடர்ந்து படியுங்கள். பயனர் பெயரின் ஒவ்வோர் எழுத்தும் இரண்டு முறை தெரியும், கடவுச்சொல்லின் எழுத்துகள் ஒரே ஒரு முறை தெரியும். நாம் அழுத்தும் ஒவ்வோர் எழுத்தையும் டெல்நெட் உடனுக்குடன் அனுப்ப, மறுமுனை அதைத் திருப்பி அனுப்பித் திரையில் காட்டுகிறது. கடவுச்சொல்லை மட்டும் திருப்பி அனுப்புவதில்லை. நம் திரையில் மறைந்திருப்பது கம்பியில் மறையவில்லை. டெல்நெட் பாதுகாப்பற்றது என்ற ஒற்றை வரி விடைக்கு இரண்டு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். ஆனால் அந்த வரிக்குப் பின்னால் இருப்பதைக் கண்ணால் கண்டது இங்கேதான்.

இத்தனையும் தயக்கமில்லாமல் செய்ய முடிவது ஸ்னாப்ஷாட்டால். ஒரு நிலையைச் சேமித்து வைத்துவிட்டு, எதை அழித்தாலும் அந்த நிலைக்குத் திரும்பலாம். சேமித்த பிறகு எழுதப்படும் மாற்றங்கள் மட்டும் தனிக் கோப்பில் போய்ச் சேர்வதால் இது சில நொடிகளில் முடிகிறது. ஆனால் அடுக்கிக்கொண்டே போனால் வட்டு வேகமாக நிறையும்; வேண்டாதவற்றை அவ்வப்போது நீக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் கணினியை ஸ்னாப்ஷாட் எடுத்தால் அதன் ரேமில் இருப்பதும் கோப்பாகப் பதிகிறது. நினைவகம் முழுவதையும் தனியாக வெளியே எடுக்கவும் விர்ச்சுவல்பாக்ஸில் கட்டளை இருக்கிறது. உள்ளே நான் தட்டச்சு செய்து, சேமிக்காமல் விட்ட ஒரு வரியை அந்தக் கோப்பில் தேடி எடுத்தேன். வெளிக் கணினியிடம் உள் கணினியால் எதையும் மறைக்க முடியாது. மேகக் கணினியை வாடகைக்கு எடுக்கும் ஒவ்வொருவரும் உள் கணினியின் இடத்தில்தான் இருக்கிறார்கள். உள் கணினிகளின் நினைவகத்தையே மறையாக்கம் செய்யும் எஸ்இவி என்ற வசதியை ஏஎம்டி தன் எபிக் செயலிகளில் 2017இல் ஏன் கொண்டுவந்தது என்பது இந்தச் சோதனைக்குப் பிறகு விளங்கியது.

பத்தாம் வகுப்புப் படிக்கும் என் தம்பி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். "அக்கா, உள்ளே இருக்கிற கணினிக்கு வைரஸ் வந்தால் நம் கணினிக்கும் வருமா?" என்று கேட்டான். கேட்க வேண்டிய கேள்வி. பெரும்பாலும் வராது, ஆனால் வந்ததுண்டு என்பதே நேர்மையான பதில். 2015இல் வெனம் என்று பெயரிடப்பட்ட ஒரு பிழை வெளியானது. பிளாப்பி டிஸ்க்கை இயக்கும் பழைய நிரலில், 2004 முதல் யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. விர்ச்சுவல்பாக்ஸும் அதில் பாதிக்கப்பட்டது. 2018 நவம்பரில் வந்தது இன்னும் நெருக்கமானது. இயல்பாகவே அமையும் இன்டெல் நெட்வொர்க் கார்டு, இயல்பாகவே அமையும் நேட், இந்த இரண்டும் சேர்ந்தால் உள்ளே நிர்வாகி அதிகாரம் பெற்றவர் வெளியே வர வழி இருந்தது. திருத்தம் வரும்வரை கார்டு வகையை மாற்றிக்கொள்ளுங்கள் என்பதே அப்போது சொல்லப்பட்ட மாற்று வழி.

அதனால் நான் சில கட்டுப்பாடுகள் வைத்திருக்கிறேன். பதிப்பை உடனுக்குடன் புதுப்பிப்பேன். பொதுக் கிளிப்போர்டு, இழுத்துப் போடும் வசதி இரண்டும் இயல்பாக மூடியே வருகின்றன, திறப்பதில்லை. பகிர்வுக் கோப்புறை வைப்பதில்லை, ஏனெனில் உள்ளே கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ஒரு ரேன்சம்வேர் ஓடினால் அந்தக் கோப்புறை வழியாக அப்பாவின் கணக்கைத் தொட்டுவிடும். உண்மையான தீநிரல் மாதிரிகளை இந்தக் கணினியில் இயக்குவதும் இல்லை. 08:00:27 என்று தொடங்கும் நெட்வொர்க் கார்டின் முகவரியைப் பார்த்தே இது விர்ச்சுவல்பாக்ஸ் என்று கண்டுபிடித்து, நல்ல பிள்ளையாக நடிக்கும் தீநிரல்கள் உண்டு. அவற்றை ஆராய இந்த அமைப்பு போதாது.

குறைகளும் இருக்கின்றன. நெட்வொர்க் வகைகள் வெறும் பெயர்ப் பட்டியலாக நிற்கின்றன. பிரிட்ஜ்டைத் தேர்ந்தெடுப்பவருக்கு ஓர் எச்சரிக்கை வரியாவது காட்டியிருக்கலாம். திறந்த மூலத்தில் சேராத, கூடுதல் வசதிகளுக்கான எக்ஸ்டென்ஷன் பேக் தனிப்பட்ட பயன்பாட்டுக்கும் கல்விக்கும்தான் இலவசம். பயிற்சி வேலைக்குச் சேரும் நிறுவனத்தில் அதே பழக்கத்தில் நிறுவிவிடக் கூடாது, அங்கே உரிமம் வேண்டும். 7.0 பதிப்பிலிருந்து யுஎஸ்பி 2, 3 ஆதரவு அடிப்படைத் தொகுப்புக்கே வந்துவிட்டதால் மாணவர்களுக்கு அது தேவைப்படுவதே அரிது. வரைகலை வேகத்தில் விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் மேல். 2024 மே முதல் தனிப்பட்ட பயன்பாட்டுக்கு அதுவும் இலவசம். லினக்ஸை முதன்மை இயங்குதளமாக வைத்திருப்பவர்களுக்கு, லினக்ஸிலேயே அமைந்த மெய்நிகராக்க வசதியான கேவிஎம் இருக்கிறது. இருந்தும் நான் விர்ச்சுவல்பாக்ஸிலேயே இருக்கிறேன். கணக்கு எதுவும் தொடங்காமல் இறக்கலாம், விண்டோஸிலும் லினக்ஸிலும் ஒரே மாதிரி இருக்கும், விரும்பினால் மூல நிரலையே திறந்து படிக்கலாம்.

8 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியில் ஒரு 40 ஜிபி காலியிடமும் இருந்தால் தாராளமாகத் தொடங்கலாம். 4 ஜிபி மட்டுமே உள்ளவர்கள் காளியை விட்டுவிடுங்கள். வரைகலைத் திரை இல்லாத டெபியன் லினக்ஸ் ஒன்றை நிறுவி, உள்ளிருந்தே சேவைகளை அமைத்துப் பழகுங்கள். அதிலும் கற்க நிறைய இருக்கிறது.

ஓர் உள் கணினிக்கு இந்தச் சாளரத்திலேயே நான்கு நெட்வொர்க் கார்டு வரை கொடுக்கலாம் என்பதால், அடுத்து மூன்றாவதாக ஒரு பிஎஃப்சென்ஸ் தீயரணை (ஃபயர்வாலை) இரண்டுக்கும் நடுவில் வைக்கப்போகிறேன். 21ஆம் போர்ட்டைத் திறந்துவைத்து 6200ஐ மட்டும் அடைத்தால் அந்தச் சிரிப்புக் குறி என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும்.