விலையை ஏற்றிச் சொல்பவரிடம் ஜாக்கிரதை: சீன வெள்ளிக்காசில் நான் விட்ட 16,000 யுவான்

பழைய காசு வாங்கப் போனால் போலியைத் தலையில் கட்டிவிடுவார்கள் என்று எல்லாரும் சொல்வார்கள். எனக்கும் சொன்னார்கள், நானும் அதற்குத் தயாராகத்தான் போனேன். ஆனால் என்னைப் பெரிதாகக் கவிழ்த்தவர் காசு விற்றவர் இல்லை, 'உங்கள் காசுக்கு விலை மதிப்பிட்டுத் தருகிறோம்' என்று தானாகப் போன் செய்து வந்தவர். சந்தையில் நான் கொடுத்தது 1,900 யுவான். விலை சொன்னவரிடம் கொடுத்தது 16,000. இங்கே வேலைக்கு வந்திருக்கும் நம் ஆட்கள் நாலைந்து பேர் இப்போது இந்தப் பொழுதுபோக்கில் இறங்கியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதால், கூச்சத்தை விட்டு எழுதுகிறேன்.

நான்கு வருடமாக சீனாவில் சூஜோ நகரத்தில் இருக்கிறேன். ஆலைகளில் இயந்திரம் நிறுவும் வேலை. ஞாயிற்றுக்கிழமை பொழுது போகாமல் ஷாங்காய்க்கு ரயிலேறி அங்கே ஒரு பழம்பொருள் சந்தையில் சுற்றப் பழகினேன். தரையில் துணி விரித்துக் காசைக் குவித்து வைத்திருப்பார்கள். பாதிக்கு மேல் நேற்று அடித்த காசு, அதை அவர்களே கூச்சமில்லாமல் நினைவுப்பொருள் என்று சொல்லி விற்பார்கள். நல்ல காசு என்று சொல்பவர்கள் அதைத் தனியாகச் சட்டைப்பையிலிருந்து எடுப்பார்கள்.

அப்படி எடுத்ததில் நான் வாங்கிய முதல் காசு, சீனக் குடியரசின் அதிபராக இருந்த யுவான் ஷிகாய் தலை போட்டது. இங்கே அதை 'யுவான் தா-தோ' என்பார்கள், பெரிய தலை யுவான் என்று அர்த்தம். 1914இல், அதாவது சீனக் குடியரசின் 3ஆம் ஆண்டில் வர ஆரம்பித்தது. அப்புறம் 8, 9, 10ஆம் ஆண்டு போட்டும் வந்தது. ஏறத்தாழ 26.8 கிராம், அதில் 89 சதவீதம் வெள்ளி. 3ஆம் ஆண்டுக் காசில் தலைக்கு மேல் ஆறு எழுத்து, மற்றதில் ஏழு எழுத்து. இதெல்லாம் படித்துவிட்டுத்தான் போனேன். விற்ற பெரியவர் காசின் நடுவை இரு விரல் நகத்தால் பிடித்து, விளிம்பில் 'ஃபூ' என்று ஊதி, என் காதோரம் கொண்டுவந்தார். கொசு தூரத்தில் பறக்கிற மாதிரி ஒரு மெல்லிய ரீங்காரம். இந்த ஊதிப் பார்க்கும் வித்தையை முழுசாக நம்ப முடியாது, வெள்ளி கலந்த போலியும் பாடும். இருந்தாலும் 1,100 யுவான் கொடுத்து வாங்கினேன். அந்தக் காசு அசல்தான் என்பது பின்னால் தெரிந்தது. அதை நான் என்ன செய்தேன் என்பதற்கு அப்புறம் வருகிறேன்.

இரண்டாவது காசுதான் இந்தக் கதை. வேறொரு கடைக்காரர். துணியில் நாலைந்து கப்பல் காசுகள் வைத்திருந்தார். ஒரு பக்கம் சீனக் குடியரசை நிறுவிய சுன் யாட்-சென் முகம், மறுபக்கம் பாய்மரக் கப்பல். 22ஆம் ஆண்டு, 23ஆம் ஆண்டு, அதாவது 1933, 1934 போட்ட கப்பல் காசு சாதாரணமாகக் கிடைப்பது. அந்தக் குவியலில் ஒன்றை மட்டும் திருப்பியபோது எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. கப்பலுக்கு மேலே மூன்று பறவை, கடலில் எழும் சூரியன்.

காசு சேர்ப்பவர்களுக்குப் பறவை என்றால் புரியும். 21ஆம் ஆண்டு, 1932. அந்த ஜனவரியில்தான் ஜப்பான் விமானங்கள் ஷாங்காயின் ஜாபெய் பகுதியில் குண்டு போட்டன. மேலே மூன்று பறவை, பக்கத்தில் உதய சூரியன் என்றால் ஜனங்களுக்கு வேறு என்ன ஞாபகம் வரும்? காசை நிறுத்திவிட்டு, அடுத்த ஆண்டு பறவையையும் சூரியனையும் எடுத்துவிட்டு அடித்தார்கள். அதனால் பறவைக்காசு அரிது, விலையும் எங்கோ இருக்கும்.

கடைக்காரர் அதற்கும் மற்ற கப்பல் காசுக்குச் சொன்ன அதே 800தான் சொன்னார். 'பாவம், இவருக்குத் தெரியவில்லை' என்று நினைத்துக்கொண்டேன். இந்தச் சந்தையில் 'ஜியான்லோ' என்று ஒரு சொல் உண்டு. விற்பவருக்கே தெரியாமல் ஒழுகி விழுந்ததைப் பொறுக்கிக்கொள்வது. அவருக்குத் தெரியாதது எனக்குத் தெரிந்துவிட்டதாம்! பேரம்கூடப் பேசவில்லை, பேசினால் அவர் காசை இன்னொரு தடவை திருப்பிப் பார்த்துவிடுவாரோ என்று பயம். குவியலில் ஒன்றை மட்டும் பறவையாக வைத்து, அறியாதவர் போல உட்கார்ந்திருப்பதே அவருடைய தொழில் என்று புரிய எட்டு மாதம் ஆயிற்று.

வீட்டுக்கு வந்ததும் இரண்டையும் வீசாட் குழுவில் படம் போட்டேன், ஊர் உலகத்துக்குத் தெரிய வேண்டாமா. மூன்றாம் நாள் போன் வந்தது. நல்ல ஆங்கிலம் பேசும் ஒரு பெண். ஏல நிறுவனம், ஹாங்காங்கில் ஏலம் வருகிறது, உங்கள் பறவைக்காசை எங்கள் நிபுணர் பார்க்க ஆசைப்படுகிறார், பார்ப்பதற்குக் கட்டணம் கிடையாது என்றாள்.

போனேன். 19ஆவது மாடி. கண்ணாடிப் பெட்டியில் ஜாடிகள், நல்ல தேநீர். வெள்ளைக் கையுறை போட்ட ஒருவர் லென்ஸ் வைத்துப் பத்து நிமிஷம் பார்த்தார். பிறகு துப்பாக்கி மாதிரி ஒரு கருவியை அதன்மேல் வைத்து, ஒரு துண்டுச் சீட்டு அச்சடித்துக் கொடுத்தார். வெள்ளி 98.7 சதவீதம். எனக்கு அப்படியே மிதப்பு. 'குறைந்தபட்சம் எட்டு லட்சம் யுவானுக்குப் போகும்' என்றார்கள்.

இங்கே நான் எழுந்து வந்திருக்க வேண்டும். கப்பல் காசில் வெள்ளி 88 சதவீதம்தான், இதைப் படித்தவன் நான். அந்தக் கருவி மேல்தோலைத்தான் பார்க்கும், உள்ளே என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. 88 இருக்க வேண்டிய காசு 98.7 காட்டினால், மேலே சுத்த வெள்ளி முலாம் பூசியிருக்கிறது என்றுதான் முதலில் சந்தேகம் வர வேண்டும். எனக்கோ, நம் காசு மற்றதைவிடச் சுத்தம் என்று பெருமை!

ஒப்பந்தம் சீன மொழியில் ஆறு பக்கம். போன் கேமராவை மேலே காட்டி மொழிபெயர்த்துப் படித்தேன். குறைந்தபட்ச ஏல விலை 8,00,000. அதில் 2 சதவீதம், அதாவது 16,000 யுவான், 'கண்காட்சி, அச்சு, விளம்பரச் சேவை' என்று முன்கூட்டியே கட்ட வேண்டும். விற்றாலும் விற்காவிட்டாலும் அது திரும்ப வராது. எட்டு லட்சம் வரப்போகிறது, பதினாறாயிரத்துக்குப் பார்க்கலாமா என்று தோன்றியது. கையெழுத்துப் போட்டேன்.

அந்த விலையை ஏன் அவ்வளவு உயரத்தில் வைத்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். கட்டணம் அதன் சதவீதம், ஆகவே விலை ஏற ஏற அவர்களுக்கு வரவு. அந்த விலைக்கு ஒருத்தரும் கேட்கமாட்டார்கள் என்பதால், போலியை விற்ற குற்றமும் அவர்கள்மேல் வராது. காசு என்னிடமே திரும்பி வந்துவிடும். எல்லாம் ஒப்பந்தப்படி நடந்திருக்கும். ஒழுங்கான ஏல நிறுவனத்துக்குப் பெரிய வருமானம் காசு விற்ற பிறகு வரும் கமிஷன், அதனால் அவர்கள் விலையை அடக்கித்தான் சொல்வார்கள். உங்கள் காசுக்கு நீங்களே நினைக்காத விலையைச் சொல்லி, அதன் பேரில் முன்பணம் கேட்கிறார்கள் என்றால் அவர்களுடைய வாடிக்கையாளர் காசை வாங்கப் போகிறவர் இல்லை, நீங்கள்தான்.

பளபளவென்று ஒரு ஏலப் புத்தகம் வந்தது, அதில் என் காசு ஒரு பக்கம் முழுக்க. வீட்டில் காட்டினேன். "இந்தப் புஸ்தகத்துக்குத்தான் பதினாறாயிரமா?" என்றாள் மனைவி. மூன்று மாதம் கழித்து 'லியூபாய்' என்று செய்தி. ஏலம் போகவில்லை என்று அர்த்தம். கூடவே, மக்காவ் நகரத்தில் ஒரு பெரும்புள்ளி ஆர்வம் காட்டுகிறார், இன்னும் 9,000 கட்டினால் தனி ஏலத்தில் வைக்கலாம் என்றும்.

அப்போதுதான் புத்தி வந்தது. காசைத் திரும்ப வாங்கிவந்து, சமையலறை மேடையில் வைத்தே சோதித்தேன். நூறில் ஒரு கிராம் காட்டும் சின்னத் தராசு ஒன்று வாங்கினேன், ஐம்பது யுவான்கூட ஆகவில்லை. டம்ளரில் பாதி தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்துப் பூஜ்யம் ஆக்க வேண்டும். காசைத் தையல் நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தண்ணீருக்குள் தொங்கவிட வேண்டும். தராசு காட்டும் எண், காசு ஒதுக்கிய தண்ணீரின் எடை. காசின் எடையை அதால் வகுத்தால் அடர்த்தி வந்துவிடும். பெரிய தலை யுவான் 26.72 கிராம், தண்ணீரில் 2.60 காட்டியது. அடர்த்தி 10.28, வெள்ளியும் செம்பும் கலந்த காசுக்குச் சரியான கணக்கு. பறவைக்காசு 26.61 கிராம், எடையில் குறையே இல்லை. தண்ணீரில் 3.05 காட்டியது. நூல் எங்கோ ஒட்டுகிறது என்று நினைத்து நான்கு முறை இறக்கிப் பார்த்தேன். 8.72. வெள்ளியே இல்லை, ஏதோ செம்புக் கலவை. எடையைச் சரிக்கட்ட அதைக் கொஞ்சம் தடிமனாக அடித்திருக்கிறார்கள். வழக்கமான கப்பல் காசு ஒன்றைக் கடன் வாங்கிப் பக்கத்தில் வைத்தபோது அது கண்ணுக்கே தெரிந்தது.

இந்தத் தண்ணீர்ச் சோதனை போதும் என்று சொல்லவில்லை. சரியான கலவையில் நிஜ வெள்ளியிலேயே அடித்த போலிகள் இதில் தேறிவிடும். அதற்கு எழுத்தின் ஓரம், விளிம்பின் பல், தேய்மானம் எல்லாம் பார்க்கத் தெரிந்த கண் வேண்டும். நானே பார்த்துக்கொள்வேன் என்று இறங்காமல், பிசிஜிஎஸ், என்ஜிசி மாதிரித் தரம் பிரிக்கும் நிறுவனங்களுக்கு அனுப்புவது நல்லது. ஏற்கெனவே அவர்களுடைய பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து வருகிறதென்றால், பெட்டியே போலியாகவும் இருக்கலாம். அதிலுள்ள எண்ணை அவர்கள் தளத்தில் போட்டு, படம் இருந்தால் கீறலுக்குக் கீறல் ஒப்பிட்டுப் பாருங்கள்.

பழைய நாளில் சீனத் துறைமுகங்களில் வெள்ளி கைமாறும்போது, காசைச் சரிபார்க்கவே ஆள் இருப்பார்கள். சரிபார்த்த காசில் சின்ன எழுத்து முத்திரை குத்துவார்கள். மெக்சிகோக் காசில்கூட அந்த முத்திரைகளைப் பார்க்கலாம். ஆங்கிலேயர்கள் அந்த ஆட்களை 'ஷ்ராஃப்' என்றார்கள். நம் சராப்புதான் அது. ஹாங்காங்கில் வண்டி நிறுத்துமிடத்தில் பணம் கட்டும் ஜன்னலுக்கு மேலே இன்றும் அந்தச் சொல் எழுதியிருக்கும். சராப்பு என்ற சொல்லை ஊரிலிருந்து கொண்டுவந்தவன், சராப்பு இல்லாமல் காசு வாங்கியிருக்கிறேன்.

இரண்டையும் தரம் பிரிக்க அனுப்பினேன். பறவை, அசல் இல்லை என்று திரும்பியது, அது தெரிந்ததுதான். அதைவிட வலித்தது மற்றது. பெரிய தலை யுவான் அசல், ஆனால் 'சுத்தம் செய்யப்பட்டது' என்று குறிப்புப் போட்டு, தர எண் கொடுக்காமல் அனுப்பிவிட்டார்கள். செய்தது நான்தான். வாங்கி வந்த அன்றே, கறுத்துக் கிடக்கிறதே என்று, ஊரிலிருந்து கொண்டுவந்த திருநீற்றைப் போட்டுப் பருத்தித் துணியால் தேய்த்தேன். குத்துவிளக்கும் வெள்ளிக் கிண்ணமும் அப்படித்தானே பளிச்சென்று ஆகும்! நூறு வருடம் படிந்த மேல்பூச்சும் அதோடு போயிற்று. லென்ஸில் பார்த்தால் யுவான் ஷிகாய் கன்னமெல்லாம் மயிரிழைக் கீறல். பழங்காசைத் தேய்க்காதீர்கள். திருநீறு, பற்பசை, எலுமிச்சை, புளி எதுவும் வேண்டாம். "வெள்ளிதான் ஆசைன்னா ஒரு ஜோடி கொலுசு வாங்கியிருக்கலாம்" என்றாள் மனைவி. பதில் சொல்லவில்லை.

பணத்துக்கு அலைந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒப்பந்தத்தில் கையெழுத்து இருக்கிறது, அவர்கள் சொன்ன 'சேவை'யை, அதாவது புத்தகத்தையும் ஏலத்தையும், செய்தும் காட்டிவிட்டார்கள். 12315 நுகர்வோர் எண்ணுக்குப் புகார் கொடுத்த பிறகு, இரண்டு மாத இழுபறியில் 3,000 யுவான் திருப்பினார்கள். மீதி போனது போனதுதான்.

இன்னொன்று, ஊருக்குக் காசு எடுத்துப் போக நினைப்பவர்களுக்கு. 1911க்கு முந்தைய பழம்பொருளைச் சீனாவிலிருந்து வெளியே கொண்டுபோகத் தடை இருக்கிறது. டிராகன் போட்ட சிங் அரச வம்சத்துக் காலத்து வெள்ளிக்காசு அசலாக இருந்தால் பெட்டியில் போட்டுக்கொண்டு விமானம் ஏறலாம் என்று நினைக்காதீர்கள். 1949 வரைக்கும் உள்ளதற்கும் முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் வேறு எண்ணிலிருந்து வேறொரு பெண் பேசினாள். என் பெயர், காசின் விவரம், பழைய 'மதிப்பீடு' எல்லாம் சரியாகச் சொன்னாள். இப்போது விலை பதினோரு லட்சமாம். தண்ணீரில் போட்டால் 3.05 காட்டுகிறதே அம்மா என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "சார், இந்த மாதம் முன்பணத்தில் பாதி தள்ளுபடி" என்றாள்.