ஜியாசிங் இறைச்சிச் சோங்ஸி: பாக்கெட்டில் வருவதை வாங்கலாமா?

சீன நாட்காட்டியில் ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாள் துவான்வு, அதாவது டிராகன் படகுத் திருவிழா. அதற்குச் சில வாரம் முன்பே கடைகளில் சோங்ஸி, அதாவது இலையில் கட்டி வேகவைத்த பசையரிசிப் பொதி, குவிந்துவிடும். முதல்முறை வாங்குவோர் செஜியாங் மாநிலத்து ஜியாசிங் இறைச்சிச் சோங்ஸியில் தொடங்கலாம். காற்று நீக்கிய பாக்கெட்டில் வந்தாலும் சுவை பெரிதாகக் குறையாத வகை இது.

காரணம் உள்ளே இருக்கிறது. இலையில் கட்டும் முன்பே பசையரிசியை சோயா சாஸ், உப்பு, சர்க்கரை போட்டுப் பிசறிவிடுகிறார்கள். நடுவில் பன்றித் தொடைக்கறி: இரண்டு கொழுப்பில்லாத துண்டு, இடையில் ஒரு கொழுப்புத் துண்டு. மணிக்கணக்கில் வேகும்போது அந்தக் கொழுப்பு உருகி அரிசியில் இறங்கும். பிட்டுப் பார்த்தால் வெள்ளைக் கட்டியாக எதுவும் நிற்கக் கூடாது. கறியை ஒட்டிய அரிசி எண்ணெய் மினுக்கோடு இருக்க வேண்டும். வெறும் கொழுப்பில்லாக் கறி என்று விற்பதை வாங்க வேண்டாம். கறி நார்நாராகி, அரிசியும் வறண்டுபோகும்.

இலையையும் பாருங்கள். அவ்வளவு நேரம் வெந்த இலை மங்கிய பழுப்புப் பச்சையாகத்தான் இருக்கும். பளிச்சென்ற பச்சை என்றால் தாமிர உப்பில் ஊறவைத்த இலையாக இருக்கலாம், தொடவே வேண்டாம்.

பெரும்பாலும் கெடுவது சூடாக்கும்போதுதான். குளிர்ந்த பசையரிசியின் மாவுச்சத்து இறுகிவிடும். வெளியே சுட்டாலும் நடுவில் சுண்ணாம்புபோல் கடிபடும். 100 கிராம் சோங்ஸியை, பாக்கெட்டில் அனுமதி அச்சிட்டிருந்தால் பையோடே, கொதிநீரில் 15 நிமிடம் வையுங்கள். ஃபிரிட்ஜில் இருந்ததற்கு 20, உறைந்ததற்கு 30. மைக்ரோவேவ்தான் வழியென்றால் பையை நீக்கி, இலையோடு ஈரத்துணி சுற்றுங்கள். இல்லாவிட்டால் ஓரங்கள் ரப்பராகும். எடுத்ததும் பிரித்தால் அரிசி இலையோடு வந்துவிடும், மூன்று நிமிடம் பொறுங்கள்.

சோங்ஸி பிறந்த விதமாகப் பெட்டிகளில் அச்சிடும் கதை, கி.மு. 278இல் மிலுவோ ஆற்றில் மூழ்கியதாகச் சொல்லப்படும் கவிஞர் சூ யுவானுக்காக மக்கள் அரிசியை எறிந்தது பற்றியது. அழகான கதைதான். ஆனால் கி.பி. 3ஆம் நூற்றாண்டில் சௌ சூ என்ற எழுத்தாளர் எழுதிய குறிப்பு வேறு காரணம் சொல்கிறது: யின், யாங் என்ற இரு எதிரெதிர் ஆற்றல்களும் பிரியாமல் பொதிந்திருக்கும் உருவம் இது. காட்டரிசிச் செடியின் இலையில் சிறுதானியத்தைக் கட்டி, சாம்பல்நீரில் வேகவைத்து, பகல் மிக நீளமான கோடைக் கதிர்த்திருப்ப நாளிலும் துவான்விலும் உண்டார்கள்.

இறைச்சி வேண்டாதவர்கள் அந்தப் பழைய முறைக்கு நெருங்கிய சாம்பல்நீர்ச் சோங்ஸியைக் கேட்டு வாங்கலாம். மஞ்சளாக, உள்ளே எதுவுமின்றி இருக்கும். ஆறவிட்டு, சர்க்கரைப் பாகு ஊற்றிச் சாப்பிட வேண்டும்.