அந்துப்பூச்சி பார்க்க யூவி (புற ஊதா) விளக்கு: வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம். ஆனால் பெட்டியில் ஒளியின் அலைநீளம் 365 நானோமீட்டர் என்று போட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள். 395 போட்டதுதான் அதிகம் கிடைக்கும், விலையும் குறைவு, கண்ணுக்கு ஊதாவாகப் பளிச்சென்று இருக்கும், ஆனால் 365க்கு வருகிற அளவுக்குப் பூச்சிகள் அதற்கு வருவதில்லை. 365ஐப் போட்டதும் இவ்வளவுதானா வெளிச்சம் என்று தோன்றும், அந்த மங்கல் நம் கண்ணுக்குத்தான். விளக்கை நேராக மட்டும் பார்க்காதீர்கள்.

நான் வாங்கியது பெயர் தெரியாத கம்பெனியின் பட்டை விளக்கு, பவர் பேங்க்கிலேயே எரிகிறது. ஏற்காட்டில் தங்கியிருந்த வீட்டுக்குப் பின்னால் கொடியில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துப் போட்டு, அதற்கு முன்னால் தொங்கவிட்டேன். சோப்புத்தூளில் துவைத்த வேட்டி என்பதால் முழுக்க நீலமாக ஒளிர்ந்தது. அமாவாசையை ஒட்டி, காற்று இல்லாமல் புழுக்கமாக இருக்கிற ராத்திரி அமைந்தால் கூட்டம் அள்ளும்.

அரளி, நந்தியாவட்டை இலையைத் தின்று வளருமே, ஹாக் மாத் என்கிற அந்தப் பச்சை அந்துப்பூச்சி ஒன்று வந்து உட்கார்ந்தது. திரும்பப் பறப்பதற்கு முன் றெக்கையை விடாமல் நடுக்கி உடம்பைச் சூடேற்றிக்கொள்ளும். அதைக் கையெட்டும் தூரத்தில் பார்த்தேன், வேட்டியே லேசாக அதிர்ந்தது! அப்புறம் பழத்தைத் துளைத்துச் சாறு குடிக்கிற யூடோசிமா என்கிற அந்துப்பூச்சி. முன்றெக்கை அப்படியே காய்ந்த சருகு, கொஞ்சம் நகர்ந்ததும் உள்ளே ஆரஞ்சும் கறுப்புமாகப் பின்றெக்கை தெரிந்தது. இனம் கண்டுபிடிக்க அந்தப் பின்றெக்கை ரொம்ப உதவும், அதனால் மேலிருந்து ஒரு படத்தோடு நிறுத்தாமல் பக்கவாட்டிலும் உணர்கொம்பு தெரியும்படியும் எடுங்கள். படங்களை ஐநேச்சுரலிஸ்ட் இணையதளத்தில் போட்டால் விஷயம் தெரிந்தவர்கள் பெயர் சொல்கிறார்கள், மாத்ஸ் ஆஃப் இந்தியா தளத்தில் ஒப்பிட்டுப் பார்த்தும் உறுதி செய்துகொள்ளலாம். சாம்பல் நிறப் பொடிப் பூச்சிகள் பலவற்றுக்குப் பேரினம் வரைதான் போக முடியும். சிலவற்றை இனப்பெருக்க உறுப்பை ஆய்வு செய்தால்தான் பிரித்துச் சொல்லவே முடியும்.

குறை என்றால் ஒயர் சேருமிடம் மூடாமல் இருக்கிறது. நல்ல பூச்சி வரும் காலமே மழைக்காலம், தூறல் விழுந்தால் பயந்துகொண்டே அணைக்க வேண்டியிருக்கிறது. தொங்கவிடும் கொக்கியும் சொத்தை, நான் கம்பி வைத்துக் கட்டிவிட்டேன். கொடுத்த காசுக்கு விளக்கு மோசமில்லை.

இன்னொன்று, விடிய விடிய எரியவிடாதீர்கள். வேட்டியிலேயே தங்கிவிட்ட பூச்சிகளைக் காலையில் கரிச்சான் வந்து ஒவ்வொன்றாகக் கொத்திக்கொண்டு போய்விடும். பன்னிரண்டு மணிவாக்கில் அணைத்து, மிச்சம் இருப்பதைச் செடிப்பக்கமாக மெதுவாக உதறி விட்டுவிடுங்கள்.